பொய் சொன்ன வாய்க்குக் கிடைத்த போஜனம்

பம்பரம் என்பது கூட வேலை பார்ப்பவர்கள் வைத்த பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் பாஸ்போர்ட்டில் இருக்கிறது. விமான நிலையத்தில் முத்திரை குத்துகிறவர்களைத் தவிர வேறு யாரும் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. மனுஷர் உட்கார்ந்த இடத்தில் உட்கார மாட்டார். சாப்பிடும்போது இடது கால் ஆடும். போன் பேசினால் அறைக்குள்ளேயே ஊர்வலம் போவார். பேருந்தில் சீட் கிடைத்தால்கூட, இரண்டு நிறுத்தம் தாண்டுவதற்குள் யாரையாவது கூப்பிட்டு உட்கார வைத்துவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொள்வார். பார்ப்பவர்கள் நல்ல மனசு என்பார்கள். நல்ல மனசும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. உட்கார்ந்தால் அவருக்கு முள்ளின் மேல் இருப்பது போல.

இப்படிப்பட்டவருக்கு வாய்த்ததோ காத்திருக்கிற தொழில். கன்வேயர் பெல்ட் ஒட்டுவது. பெரிய கிடங்குகளிலும் ஆலைகளிலும் சாமான்களைச் சுமந்துகொண்டு ஓடுகிறதே, அந்த ரப்பர் பட்டை. அது அறுந்தால் இரண்டு முனைகளையும் பல் பல்லாக வெட்டி, ஒன்றுக்குள் ஒன்று கோத்து, நடுவில் இன்னும் வேகாத பச்சை ரப்பர் வைத்து, இரண்டு சூட்டுத் தட்டுகளுக்கு இடையில் இறுக்கிவிட வேண்டும். ரப்பர் வெந்து ஒன்றாக வேண்டும். வெந்தபின் தானாக ஆற வேண்டும். அவசரப்பட்டுத் தட்டைத் திறந்தால் ஒட்டு கொப்புளம் விட்டுவிடும். ஆக்கப் பொறுத்தவனுக்கு ஆறப் பொறுக்கவில்லையா என்று கேட்டவர் இந்தத் தொழிலைப் பார்த்துவிட்டுத்தான் கேட்டிருக்க வேண்டும். மற்றவர்கள் அந்த நேரத்தில் சுவரில் சாய்ந்து கதை பேசுவார்கள், கண் அசருவார்கள். பம்பரம் தட்டைச் சுற்றிச் சுற்றி வருவார்.

சாப்பாட்டு விஷயத்துக்கு வருவோம். அவர் கறி, மீன் தொடுவதில்லை, முட்டையும் இல்லை. இதுவரை சொன்னால் யாரும் புருவத்தைத் தூக்க மாட்டார்கள். பால் இல்லை, தயிர் இல்லை, வெண்ணெய் இல்லை, தேன்கூட இல்லை என்று சொல்லும்போதுதான் கச்சேரி ஆரம்பிக்கும். "பால் சைவம்தானே?" என்பார் ஒருத்தர். "தேன் பூவுலேருந்துதானே வருது?" என்பார் இன்னொருத்தர். மூன்றாவதாக ஒருவர், "செடிக்கும் உயிர் இருக்கே, அதை மட்டும் சாப்பிடுறீங்க?" என்று கேட்டுவிட்டு, உலகத்தில் அதை முதன்முதலாகக் கண்டுபிடித்தது தான்தான் என்பது போலச் சிரிப்பார். ஏன் விட்டீர்கள் என்றால் பம்பரம் பதில் சொல்ல மாட்டார். "விட்டுட்டேன், அவ்வளவுதான்." கட்டிய மனைவிக்கே அவ்வளவுதான்.

அந்த அம்மாள் கேட்டுக் கேட்டு அலுத்து, கடைசியில் ஒரு வழி கண்டுபிடித்தாள். சொந்தக்காரர்கள் வீட்டுக்குப் போனால் செருப்பைக் கழற்றும்போதே, "இவருக்குப் பால் ஒத்துக்காது, உடம்பெல்லாம் தடிச்சுடும்" என்று அறிவித்துவிடுவாள். அதற்கப்புறம் ஒரு கேள்வி வராது. கொள்கை என்றால் வாதாட வருவார்கள், வியாதி என்றால் வழிவிடுவார்கள்.

வெளிநாட்டு வேலைகள் வர ஆரம்பித்த பிறகுதான் உண்மையான சோதனை. அங்கே ரொட்டியில் பால் பொடி, பிஸ்கட்டில் வெண்ணெய், உருளைக்கிழங்கு சிப்ஸ் மேல் தூவுகிற மசாலாவில்கூடப் பால் பொடி. கடை அலமாரி முன்னால் நின்று ஒவ்வொரு பாக்கெட்டின் முதுகையும் போனில் படம் எடுத்து மொழிபெயர்த்துப் பார்ப்பார். கடைக்காரன் திருடனைப் பார்ப்பது போலப் பார்ப்பான். விமானத்தில் சொல்லி வைத்த சாப்பாடு வேறு யாருக்கோ போய்விடும், இவருக்கு ஒரு ஆரஞ்சுப் பழமும் மன்னிப்பும் வரும். போன பயணத்தில் வாழைப்பழம், வேர்க்கடலை, அவித்த உருளைக்கிழங்கு என்றே ஓட்டி, ஒரு நாள் சூட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே மயங்கி விழுந்தார். கொஞ்சம் தள்ளி விழுந்திருந்தால் கை வெந்திருக்கும். கூட வந்திருந்த கம்பெனி சூப்பர்வைசர் தண்ணீர் தெளித்து எழுப்பிவிட்டுச் சொன்னார்: "இன்னொரு தடவை இப்படி விழுந்தீங்கன்னா, உள்ளூர் வேலையோட நின்னுக்கோங்க."

அதனால் இந்த முறை கிளம்பும்போது மனைவி யோசனை சொன்னாள்.

"அங்கேயும் அலர்ஜின்னு சொல்லிடுங்க. தனியா சமைச்சுப் போடுவாங்க."

"வேலை பார்க்கிற இடத்துல பொய் சொல்லச் சொல்றியா?"

"நான் இத்தனை வருஷமா சொல்லிட்டிருக்கேன். வானமா இடிஞ்சு விழுந்துச்சு?"

போய் இறங்கிய இடம் ஊருக்கு வெளியே ஒரு பெரிய சரக்குக் கிடங்கு. சுற்றி நெடுஞ்சாலையும் வேலியும்தான், பெட்டிக்கடைகூடக் கிடையாது. கிடங்குக்குள்ளேயே தங்கும் அறைகள், கிடங்கு கேன்டீனிலேயே மூன்று வேளை. முதல் நாள் காலையில் பாதுகாப்பு அதிகாரி எல்லோரையும் நிற்க வைத்து விதிகளைச் சொன்னார். அவர் அந்த ஊர்க்காரர், அவர் பேசியது இவர்கள் யாருக்கும் புரியவில்லை. மொழிபெயர்ப்பதற்காகக் கேன்டீனிலிருந்து சமையல்காரம்மாவை வரவழைத்தார்கள். வாழ வந்த நாட்டிலேயே பாதி வயதைக் கழித்தவர், ஆனாலும் தமிழ் நாக்கில் அப்படியே இருந்தது. ஏப்ரனில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து நின்றார்.

"யாருக்காவது நோய் நொடி, ஒத்துக்காத சாப்பாடு ஏதாவது இருக்கான்னு கேக்குறார். இருந்தா இப்பவே சொல்லிடணுமாம்."

பம்பரம் கையைத் தூக்கினார். "எனக்குப் பால், வெண்ணெய், முட்டை எல்லாம் அலர்ஜி." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு பொய்யைத் தனியாக அனுப்ப மனசு வராமல் துணைக்கு இன்னொன்றையும் சேர்த்து அனுப்பினார். "கொஞ்சம் பட்டாலே மூச்சு அடைச்சுடும்."

சமையல்காரம்மாவின் முகம் வெளிறிவிட்டது. அவர் அதை மொழிபெயர்த்ததும் அதிகாரி பம்பரத்தின் மணிக்கட்டில் சிவப்புப் பட்டை ஒன்றைக் கட்டினார். மூச்சுப் பிரச்சினைக்காரர்களுக்கு அந்தப் பட்டையாம்.

பொய் சொன்ன வாய்க்குப் போஜனம் கிடைக்காது என்பார்கள். பம்பரத்துக்குப் பொய் சொன்ன பிறகுதான் போஜனமே கிடைத்தது. அந்த அம்மாள் அவருக்கென்று தனிப் பானை வைத்தார், தனிக் கத்தி, தனிப் பலகை, தனிக் கரண்டி. மற்றவர்களுக்கு முட்டை உடைக்க ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே எழுந்து வந்து இவர் சமையலை முடித்து மூடி வைத்துவிடுவார். சோறு, பருப்பு, வதக்கிய காய், சில நாள் கெட்டியான சூப். வெளிநாட்டில் முதன்முறையாக வயிறு நிறைந்தது. ஆனால் அவர் சாப்பிட்டு முடிக்கும்வரை அந்த அம்மாள் தூணோரம் நின்று பார்த்துக்கொண்டே இருப்பார்.

"மூச்சு சரியா இருக்கா தம்பி?"

"நல்லா இருக்குக்கா."

"முந்தாநாள் கனவுல நீங்க என் கேன்டீன்லயே சுருண்டு விழுந்துட்டீங்க. அப்புறம் எனக்குத் தூக்கமே வரலை."

அப்போதே சொல்லிவிட வேண்டும் போல இருந்தது. மேஜைக்குக் கீழே கால் வேகமாக ஆடியதே தவிர வாய் திறக்கவில்லை. சொன்னால் இந்தச் சோறு போய்விடும் என்ற பயம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், அலர்ஜி இல்லை என்றால் அடுத்த கேள்வி ஏன் என்பதுதான். அந்த ஏனுக்கு அவரிடம் ஒரு பதில் இருந்தது. அதைத்தான் அவர் யாரிடமும் சொன்னதில்லை.

கடைசி ஒட்டு நடந்த அன்றைக்குச் சங்கதி வெடித்தது. பிரதான பெல்ட்டைத் தட்டுக்குள் இறுக்கியாகிவிட்டது, ரப்பர் வெந்துகொண்டிருந்தது. பம்பரம் வழக்கம் போலச் சுற்றிவிட்டு, சாப்பாட்டு முறை வந்ததும் கேன்டீனுக்குப் போனார். அன்று எல்லோருக்கும் பூசணி சூப். இவர் பங்கைத் தனிப் பானையில் எடுத்து வைத்திருந்த சமையல்காரம்மா, காய்கறி வண்டி வந்து ஹாரன் அடிக்கவே அடுப்பை விட்டு ஓடினார். திரும்பி வந்த அவசரத்தில், பெரிய பானைக்குப் போக வேண்டிய பாலேட்டைக் கொஞ்சம் இவர் பானையில் ஊற்றிவிட்டார். யானைக்கும் அடி சறுக்கும். அவர் அதைக் கவனிக்கவே இல்லை.

முதல் கரண்டியிலேயே பம்பரத்துக்குத் தெரிந்துவிட்டது. இத்தனை வருடம் ஆகியும் நாக்கு மறக்கவில்லை. இங்கே அவரைப் பற்றி ஒரு உண்மையைச் சொல்லித்தான் ஆக வேண்டும்: அவர் துப்பவில்லை. இரண்டாவது கரண்டியும் போனது, மூன்றாவதும் போனது. எழுந்து சொன்னால் ரகளையாகும் என்பது ஒரு காரணம். ருசியாக இருந்தது என்பது இன்னொரு காரணம். எது பெரிய காரணம் என்று அவருக்கே தெரியாது.

அதற்குள் சமையலறையிலிருந்து ஒரு அலறல். சமையல்காரம்மா ஓடி வந்து கிண்ணத்தைத் தட்டிவிட்டார். "துப்புங்க தம்பி, துப்புங்க. பாலேடு கலந்துடுச்சு."

கேன்டீனே எழுந்து நின்றது. முதலுதவிக்காரர் அலர்ஜிக்குப் போடுகிற ஊசியோடு ஓடி வந்தார். ஊசியைக் கண்டதும் பம்பரம் எழுந்து மேஜையைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். அவர் சாதாரணமாக நடக்கிற நடைதான். ஆனால் கூட்டத்துக்கு எல்லாமே அறிகுறியாகத் தெரிந்தது. கால் ஆடினால் வலிப்பு, வியர்த்தால் கடைசி நேரம். "எனக்கு ஒண்ணும் இல்லை, ஒண்ணும் இல்லை" என்று அவர் சொல்லச் சொல்ல, பேச்சு குழறுகிறது என்றார்கள். ஒருவழியாக அவரைப் பிடித்து உட்கார வைத்து நாடி பார்த்த முதலுதவிக்காரர், இதுவரை மூச்சு சரியாக இருக்கிறது, சில பேருக்கு அடைப்பு தாமதமாக வரும் என்று சொல்லி ஊசியைக் கையெட்டும் இடத்தில் வைத்துக்கொண்டார்.

பிறகு பாதுகாப்பு அதிகாரி வந்தார். அவர் நேராக விசாரணையில் இறங்கினார். விசாரணைக்கும் மொழிபெயர்க்க ஆள் வேண்டுமே? சமையல்காரம்மாதான். தன் வேலைக்கு உலை வைக்கிற கேள்விகளைத் தன் வாயாலேயே கேட்க வேண்டியிருந்தது அவருக்கு.

"எத்தனை கரண்டி சாப்பிட்டீங்கன்னு கேக்குறார்."

"மூணு."

"நான் முன்கூட்டியே எச்சரிச்சேனான்னு கேக்குறார்." பதிலையும் அவரே சொன்னார். "இல்லைன்னே சொல்லுங்க தம்பி. நான் கத்தும்போது நேரம் கடந்துடுச்சு."

அதிகாரி நீளமாக ஏதோ சொன்னார். சமையல்காரம்மா அதை மொழிபெயர்க்காமல் ஏப்ரனை அவிழ்த்து மடிக்க ஆரம்பித்தார்.

"என்ன சொல்றார்க்கா?"

"இன்னையோட நான் போயிடணுமாம். போறது பெருசில்லை. ஆளைக் கொல்லப் பார்த்தவள்னு பேர் ஆயிட்டா இந்த ஊர்ல எவன் என்னை அடுப்புப் பக்கம் விடுவான்?"

வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும். யாரும் பம்பரத்தைக் குற்றம் சொல்லப் போவதில்லை, பரிதாபம்கூடப் படுவார்கள். வாயைத் திறந்தால் வெளிநாட்டு வேலைக்கு இதுவே கடைசி. வாசலில் சூப்பர்வைசர் வேறு நின்றுகொண்டிருந்தார். பம்பரம் வாயைத் திறந்தார்.

"அக்கா, அவர்கிட்ட சொல்லுங்க. எனக்கு அலர்ஜியே கிடையாது. வந்த அன்னைக்குப் பொய் சொன்னேன்."

சமையல்காரம்மா அவரை உற்றுப் பார்த்தார். பிறகு அதிகாரியிடம் திரும்பி ஏதோ சொன்னார். அதிகாரி தலையாட்டிவிட்டு, ஒரு டம்ளர் தண்ணீரைக் கொண்டுவந்து பம்பரத்தின் கையில் கொடுத்தார்.

"அக்கா, தண்ணி கேட்டேன்னா சொன்னீங்க?"

"வேற என்ன சொல்ல? எனக்காக ஒரு பொய் சொல்றீங்க. மூச்சு நின்னு போற நேரத்துல இதெல்லாம் வேண்டாம். பேசாம படுங்க தம்பி."

பாருங்கள் கூத்தை. பொய்யை நம்பி ராத்திரி தூங்காமல் கிடந்த மனுஷி, உண்மையை நம்ப மாட்டேன் என்கிறார். பம்பரம் சூப்பர்வைசரைப் பார்த்தார். "நீங்களாவது சொல்லுங்க சார். பொய்தான் சொன்னேன்." சூப்பர்வைசரும், "பயத்துல உளர்றீங்க, அடங்குங்க" என்றார்.

பம்பரம் தண்ணீரைக் கீழே வைத்துவிட்டு எழுந்தார். யாரும் தடுப்பதற்குள் சமையலறைக்குள் போய்ப் பாலேட்டு டப்பாவை எடுத்துக்கொண்டு வந்தார். கேன்டீன் நடுவில் நின்று, எல்லோரும் பார்க்க, ஒரு டம்ளர் நிறைய ஊற்றினார். முன்பு போன மூன்று கரண்டி தவறுதலாக வந்தது, சாக்குச் சொல்லலாம். இதற்குச் சாக்கு இல்லை. தெரிந்தே, கண்ணைத் திறந்துகொண்டே குடித்தார். இந்தத் தடவை ருசி ஒன்றும் தெரியவில்லை. டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆடினால் அறிகுறி என்பார்களே. அதனால் ஆடாமல் நின்றார். அவருக்கு அது டம்ளரை விடப் பெரிய தண்டனை.

கேன்டீன் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தது. முதலுதவிக்காரர் ஊசியை உயர்த்தியபடியே நின்று கை வலித்து இறக்கினார். மீண்டும் நாடி பார்த்தார், கண் இமையைத் தூக்கிப் பார்த்தார், கடைசியில் உதட்டைப் பிதுக்கினார். அதிகாரியின் முகத்தில் பயம் போய்க் கோபம் வந்தது. அவர் என்ன சொன்னார் என்று மொழிபெயர்க்கத் தேவைப்படவில்லை. மணிக்கட்டில் இருந்த சிவப்புப் பட்டையைக் கத்தரித்து எடுத்தார், வாசலைக் காட்டினார். சமையல்காரம்மாவைப் பார்த்துச் சமையலறையைக் காட்டினார்.

"தட்டைத் திறந்து பெல்ட்டை ஓட்டிக் காட்டிட்டு நாளைக்குக் காலையில கிளம்புங்க," என்றார் சூப்பர்வைசர். "இனிமே பாஸ்போர்ட்டைப் பெட்டிக்கு அடியில போட்டு வைங்க."

சாயங்காலம் தட்டு ஆறியதும் திறந்தார்கள். ஒட்டு நன்றாக வந்திருந்தது. பெல்ட்டை ஓட்டிப் பார்த்துவிட்டு, பம்பரம் கேன்டீன் பக்கம் போனார். போய் என்ன சொல்வது என்று தெரியாமல் வாசலுக்கு வெளியே நடந்துகொண்டே இருந்தார். சமையல்காரம்மா உள்ளே அவருடைய தனிப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ளே வாங்க. அங்கே நடந்து தரையைத் தேய்க்க வேண்டாம்."

போனார். அந்த அம்மாள் நிமிரவில்லை.

"விடியறதுக்கு முன்னாடி எழுந்திருச்சேன். தனிப் பானை, தனிக் கத்தி. நீங்க ஒவ்வொரு வாய் விழுங்கும்போதும் என் உயிர் போய் வந்துச்சு. இதெல்லாம் எதுக்கு? சாக மாட்டீங்கன்னா, சாப்பிட்டுத் தொலைக்க வேண்டியதுதானே? ஏன் சாப்பிட மாட்டேங்குறீங்க?"

அந்தக் கேள்வியிலிருந்து இத்தனை வருடம் ஓடிக்கொண்டிருந்தவர், இனி ஓட இடமில்லாமல் கதவோரம் நின்றார்.

"ஒரு குஞ்சு பொரிக்கிற பண்ணையில பெல்ட் அறுந்துடுச்சுன்னு கூப்பிட்டாங்க. அவசர வேலை. போய் ஒட்டிக் கொடுத்தேன். நல்ல ஒட்டுக்கா. கையால தடவிப் பார்த்தா எங்கே ஒட்டியிருக்குன்னே தெரியாது. முதலாளி தட்டிக் கொடுத்தார். நான் சாமான் கட்டிட்டு இருக்கும்போதே ஓட விட்டுட்டாங்க."

"சரி."

"அன்னைக்குப் பொரிச்ச குஞ்சுங்க. பெட்டைக் குஞ்சை ஒரு பக்கம் எடுத்துக்கிட்டாங்க. சேவல் குஞ்சு முட்டை போடாதே, அதை எல்லாம் பெல்ட்டுல போட்டாங்க. பெல்ட்டோட அந்தக் கடைசியில அரைக்கிற மெஷின். உயிரோடதான். கீச்சு கீச்சுன்னு நடந்துகிட்டே போகுது. என் ஒட்டு ஒவ்வொரு சுத்துலயும் வந்துச்சு. நான் பார்த்துக்கிட்டே நின்னேன். ஒரு குஞ்சுகூட அதுல தடுக்கி விழலை. அவ்வளவு சமமா ஒட்டியிருந்தேன்."

தேய்ப்பு நின்றது.

"அன்னைக்கிலேருந்து எங்கேயும் உட்கார முடியலை. முன்னாடியும் துறுதுறுன்னுதான் இருப்பேன், ஆனா அது வேற. முட்டையை விட்டேன். அப்புறம் கறியை விட்டேன். மாடு காளைக்கன்னு போட்டா அது எங்கே போகுதுன்னு ஒரு நாள் நினைச்சேன், பாலையும் விட்டேன். வீட்டுக்காரிகிட்டகூடச் சொன்னதில்லை. என் கைவேலையைப் பத்தி அவகிட்ட எப்படிச் சொல்றது?"

"அப்புறம் எதுக்கு இன்னைக்கு அந்த டம்ளரைக் குடிச்சீங்க?"

"உங்க அடுப்பு போயிடக்கூடாதுன்னு."

நாளைக் காலைக்கான முட்டைத் தட்டுகள் அந்த அம்மாளுக்குப் பின்னால் அலமாரியில் அடுக்கியிருந்தன. அவர் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"இதை வந்த அன்னைக்கே எங்கிட்ட சொல்லியிருக்கலாமே."

"சொல்லியிருந்தா வெண்ணெய் போடாம இருந்திருப்பீங்களா?"

அவர் யோசித்தார். பொய் சொல்ல அவருக்கு அப்போது மனசு வரவில்லை.

"போட்டிருப்பேன். ஒரு துளிதானே, ருசிக்குத்தானே, இதுல செத்தா போயிடப் போறார்னு நினைச்சுப் போட்டிருப்பேன்."

பானையைத் துடைத்துத் தனியாகக் கவிழ்த்து வைத்தார்.

"இப்போ போட மாட்டேன் தம்பி," என்றார். "ஆனா நாளைக்கு நீங்க இருக்க மாட்டீங்க."